சின்னக் காரும் பெயர் எழுதாத மூலையும்

காருக்குப் பின்னால் ஒரு குட்டி வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம் என்று என் கணவர் முதன்முதலில் சொன்னபோது, நான் கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூரில் ஒரு மாடிப் போர்ஷனில் நாங்கள் இருவரும் இரண்டு குழந்தைகளும் குடியிருந்தோம். அவர் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்தார். எங்களிடம் இருந்த கார், பெரியவர்கள் நால்வர் உட்கார்ந்தால் ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இடிக்கும் அளவுக்குச் சின்னது.

"வெளிநாட்டுல எல்லாரும் இப்படித்தான் போறா. கேரவன்னு பேர். படுக்கை, அடுப்பு, அப்புறம்... எல்லாம் உள்ளேயே இருக்கும். எங்கே வேணும்னாலும் நிறுத்திக்கலாம்" என்றார் அவர், என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

'அப்புறம்' என்ற சொல்லுக்கும் 'எல்லாம்' என்ற சொல்லுக்கும் நடுவில் அவர் விட்ட இடைவெளியில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டாவது குழந்தை பிறந்தது கடினமான பிரசவம். அதற்குப் பிறகு என் உடம்பு ஒரு விஷயத்தில் மட்டும் என் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிட்டது. சிறுநீரைச் சிறிது நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தும்மல், இருமல், வாய்விட்டுச் சிரிப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் பயந்தேன். பல பெண்களுக்கு இப்படி ஆவதுண்டு, நாளாக ஆகக் குறையும் என்று லேடி டாக்டர் ஆறுதல் சொன்னார். ஊருக்குள் சமாளித்துவிடலாம். தியாகராய நகரில் எந்தத் துணிக்கடையின் பின்கட்டில் இடம் உண்டு, அடையாற்றில் எந்தத் தோழி காரணம் கேட்காமல் கதவைத் திறப்பாள், மாம்பலம் ரயில் நிலையத்தில் பெண்கள் தங்கும் அறை எந்த நேரத்தில் பூட்டாமல் இருக்கும் என்று எனக்குள் ஒரு தனி நகரப்படம் வைத்திருந்தேன். அந்தப் படம் தாம்பரத்தோடு முடிந்துபோயிற்று.

என் அக்கா இருந்தது தாம்பரத்துக்கு வெகுதூரம் அப்பால், ஒரு அணைக்கட்டுக் காலனியில். அத்திம்பேர் அங்கே என்ஜினியர். படுக்கையில் இருந்த மாமியாரை விட்டு அக்காவால் ஒரு நாள்கூட நகர முடியாது. எனவே நான்தான் போக வேண்டும். ரயில் பாதி வழிதான். மீதியை, ஊரே இல்லாத பொட்டல் வழியாகப் போகும் பேருந்தில் கடக்க வேண்டும். ஒருமுறை கைக்குழந்தையோடு தனியாகக் கிளம்பினேன். பேருந்து ஒரு வெட்டவெளியில் நின்றது. ஆண்கள் இறங்கிச் சாலையோரம் வரிசையாக நின்றார்கள். பெண்கள் யாரும் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. ஒதுங்க ஒரு புதர்கூட இல்லை. அடுத்த ஊரில் இறங்கியபோது, ஈரமாகியிருந்த என் புடவையைக் குழந்தையின் துண்டால் மறைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் வந்த பேருந்தில் ஏறித் திரும்பிவிட்டேன். குழந்தைக்கு ஜுரம், அதனால் பாதியில் திரும்பினேன் என்று அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகும் பல காரணங்கள் சொன்னேன்.

அக்கா காரணங்களை நம்புகிறவள் அல்ல. நாங்கள் கார் வாங்கிய பிறகு அவள் மனத்தாங்கல் இன்னும் கூடிற்று. அணைக்கட்டு அலுவலகத்திலிருந்து எங்கள் கீழ்வீட்டுக்கு டிரங்க் கால் போட்டு, இரைச்சலுக்கு நடுவே கத்தினாள்.

"வைகாசியில பிள்ளைக்குப் பூணூல் வெச்சிருக்கோம். வருவியோ, மாட்டியோ? பிக்ஷை போட முதல்ல நான், அடுத்தது நீ. நம்மாத்துல வேற யார்டி இருக்கா? கார்ல போறவா எல்லாம் எங்க காலனிப் புழுதியில கால் வைப்பேளான்னு தெரியலை. வந்தா பாக்கலாம்."

பூணூல் கல்யாணத்தில் பிள்ளை தட்டை ஏந்தி நிற்பான். பெற்றவள் முதலில் அரிசி இடுவாள், பிறகு தாயின் உடன்பிறந்தாள். எங்கள் பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டதால், அக்காவின் பக்கத்தில் நிற்க நான் ஒருத்திதான். நான் இந்த முறையும் போகாவிட்டால் அவள் அடுத்த முறை என்னைக் கூப்பிடப்போவதில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. நான் தொலைபேசியை வைத்துவிட்டு மாடி ஏறி வந்தபோது என் முகத்தைப் பார்த்த கணவர், அன்று மாலைதான் ஜன்னலைப் பார்த்துக் கேரவனைப் பற்றிப் பேசினார்.

அவருடைய அன்பு எப்போதும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்குப் போகும்போதுகூட, எங்கேயாவது ஒரு தெரிந்த வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தி, "இவாளைப் பார்த்து ரொம்ப நாளாச்சு, ஒரு எட்டு எட்டிப் பார்த்துட்டு வரலாமா?" என்பார். முந்தின வாரம்தான் பார்த்திருப்போம்.

முதலில் அடையாற்றில் ஒரு பங்களாவுக்குப் போனோம். ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரத் தம்பதி தங்கள் கேரவனை விற்கப்போவதாக என் கணவரின் நண்பர் சொல்லியிருந்தார். வேப்பமரத்தடியில் அது ஒரு பிரம்மாண்டமான கோழிமுட்டைபோல் வெள்ளையாக நின்றது. அந்த அம்மாள் உற்சாகமாக ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள்: மடக்கும் கட்டில், கை கழுவும் தொட்டி, இரண்டு அடுப்பு. கடைசியில் ஒரு குறுகிய கதவைத் திறந்து, உள்ளேயிருந்த பீங்கான் இருக்கையை, வீணை வாங்கிய பெண் வீணையைக் காட்டுவதுபோலப் பெருமையாகக் காட்டினாள். என் கணவர் அவசரமாகக் கூரையை ஆராயத் தொடங்கினார். நான் மட்டும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதைவிட அழகான ஒரு பொருளை நான் அந்த வயதுவரை பார்த்ததில்லை என்றே தோன்றிற்று.

ஆனால் இழுத்துப் பார்க்க வேண்டுமே! கொக்கியில் மாட்டியவுடன் எங்கள் காரின் பின்பக்கம் தரையில் படிய, முன்பக்கம் நிமிர்ந்துவிட்டது. என் கணவர் கியரைப் போட்டார். கார் ஒரு பெருமூச்சு விட்டது; கருகும் நாற்றம் வந்தது; கேரவன் நின்ற இடத்திலேயே நின்றது. பங்களாவின் காவல்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சார், உன் வண்டி மானத்தப் பாத்துக் கும்புடுது சார். வுட்டுடு, பாவம்."

வீடு திரும்பும் வழியில் அவர் எனக்கு எடைக் கணக்கை விளக்கினார். இழுக்கப்படுவது, இழுப்பதன் எடையில் பாதிக்கு மேல் போகக் கூடாதாம். மூர் மார்க்கெட் பக்கத்தில் ராணுவம் கழித்துவிட்ட டிரெய்லர் ஒன்றையும் போய்ப் பார்த்தார். அது இன்னும் மோசம், முழுதும் இரும்பு. கடைசியில், நாமே ஒன்று செய்துகொள்வது என்று தீர்மானித்தார். ஒரு வாரம் மாலை வேளைகளில் சாப்பாட்டு மேஜையில் அளவுகோலோடு உட்கார்ந்து படம் வரைந்தார்.

சைதாப்பேட்டையில், ஆற்றங்கரையை ஒட்டி, ரொட்டி வண்டிகளுக்கும் பள்ளிக்கூட ரிக்ஷாக்களுக்கும் கூடு கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. அதை நடத்திய மேஸ்திரி நடுவயதுக்காரர். பேச்சிலும் கையிலும் வேகம். நான் காரின் அருகிலேயே நின்று ஆற்றைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். காது முழுதும் அங்கேதான்.

"தகரம் வேணாம் சார். சித்திர வெயில்ல உள்ள கீறவங்க அப்பளமா பொரிஞ்சுடுவாங்க. பிளைவுட்டுல பண்ணிக்கலாம். ஸ்கூட்டர் சக்கரம் போதும். பஞ்சு மாதிரி வரும், பாரு" என்றார் மேஸ்திரி. பிறகு படத்தை விரித்தார். "படம் சோக்கா கீது சார். படுக்க, அடுப்பு, தண்ணி டிரம்மு... அல்லாம் எழுதிக்கீறே. இந்த மூல மட்டும் இன்னா, ஒண்ணியும் எழுதல?"

"அது..." என்றார் என் கணவர். "அது தனியா இருக்கணும்."

"தனியான்னா?"

"கதவு போட்டு. மூடினா உள்ளே இருக்கறது வெளியே தெரியக் கூடாது."

"செரி."

"மேலே காத்து போக துவாரம் வேணும். கீழே ஜலம் விட்டா வெளியே போகணும். ரொம்பச் சுத்தமா இருக்கணும். அதுதான் முக்கியம்."

மேஸ்திரி படத்திலிருந்து கண்ணை எடுத்து, என் கணவரின் நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்தார். அவர் குரல் தணிந்தது.

"போதும் சார், புரிஞ்சுபோச்சு. ஐயரு வூட்டு வண்டி, அதை நீ வாயத் தொறந்து வேற சொல்லணுமா? அந்த மூலைய வேற எவன் கையிலயும் குடுக்க மாட்டேன். நானே குளிச்சுட்டு வந்து செய்யறேன்."

என் கணவர் காருக்குத் திரும்பியபோது அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "ரொம்ப நாகரிகமான மனுஷர். சொல்லாமலே புரிஞ்சுண்டார். குளிச்சுட்டு வந்துதான் செய்வாராம்" என்றார்.

"செய்யறதுக்கு முன்னாடி எதுக்குக் குளிக்கணும்?" என்று கேட்டேன்.

"சுத்தமா இருக்கணும்னு அழுத்திச் சொன்னேனோல்லியோ, அதான்" என்றார் அவர்.

அந்த விடை எனக்குத் திருப்தி தரவில்லைதான். ஆனால் மேற்கொண்டு கேட்பதென்றால், அந்த மூலையின் பெயரை நானே சொல்ல வேண்டியிருக்கும். கேட்காமல் விட்டேன். அன்றைக்கே அக்காவுக்கு டிரங்க் கால் போட்டு, காரிலேயே வருகிறோம், நிச்சயம் வருகிறோம் என்று சொன்னேன். நான் வருகிறேன் என்று சொல்லும்போதெல்லாம் சொல்வதுபோல, "ம்" என்று மட்டும் சொன்னாள்.

வண்டி தயாராகிவிட்டது என்று ஆள் வந்து சொன்னது, நாங்கள் கிளம்ப வேண்டிய வாரத்தில். மத்தியானத்தில் போனோம். மேஸ்திரிக்குச் சோறு கொண்டு வந்திருந்த அவருடைய மனைவி, மரத்தூளை ஒதுக்கி உட்கார்ந்திருந்தாள். வண்டி வாசலிலேயே நின்றது. வெளிர்நீலம். அளவாக, அடக்கமாக, இரண்டு குட்டி ஜன்னல்களோடு இருந்தது. என் கணவர் அதை ஒரு கையால் தள்ளிப் பார்த்துவிட்டு, பரீட்சை தேறிய மாணவனைப்போலச் சிரித்தார். கட்டில் மடங்கிற்று. அடுப்புப் பலகை இழுத்தால் வந்தது. எனக்கு அவை எதுவும் கண்ணில் நிற்கவில்லை. பின்மூலையில் ஒரு சிறிய கதவு தெரிந்தது.

"இப்பப் பாருங்கம்மா" என்று மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் கதவைத் திறந்தார்.

கதவு முழுதும் வரிசையாகக் குட்டி மணிகள்; திறந்தபோது கிணுகிணுத்தன. உள்ளே மஞ்சள் வண்ணத்தில் படிகள், மேல்படியில் பிள்ளையார் படம், இரு பக்கமும் விளக்கு வைக்க மாடம். கூரையில் கற்பூரப் புகை போக, தாமரை வடிவில் வெட்டிய துவாரம். கீழே, அபிஷேகத் தண்ணீர் வெளியே விழ, பசுவின் முகம் வைத்த பித்தளைக் குழாய். காலையில் சூடம் காட்டியிருக்கிறார். மணம் இன்னும் இருந்தது.

"ஐயரு சொன்னாப்பல காத்து போவும், தண்ணி போவும், கதவ மூடிட்டா சாமி உள்ள கீறதே தெரியாது. ஓடற வண்டியில இப்படி ஒரு சாமி ரூமு இந்த மெட்ராஸ்லயே எவன்கிட்டயும் கெடயாது" என்றார் மேஸ்திரி. அவர் கண்கள் கலங்கியிருந்தன.

என் கணவர் குனிந்து பசுமுகத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ரொம்ப... ரொம்ப லட்சணமா இருக்கு" என்றார். அவரால் வேறென்ன சொல்ல முடியும்! என் பக்கம் திரும்பி, உதடு அசையாமல், "போயிடலாம். ஸ்டேஷன் ஸ்டேஷனா நிறுத்திப் போயிடலாம்" என்று முணுமுணுத்தார்.

ரயில் பாதையைப் பாதி வழியில் விட்டுவிட்டு அந்தச் சாலை எங்கே போகிறது என்பதை அவரைவிட நான் நன்றாக அறிவேன். பொட்டல் என் கண்முன் வந்தது. தட்டை ஏந்தி நிற்கும் பிள்ளையும், அவன் எதிரே அக்கா மட்டும் தனியாக நிற்பதும் தெரிந்தன. இந்த வண்டியை இப்படியே வாங்கிக்கொண்டு போனால், மறுபடியும் ஒரு ஜுரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மேஸ்திரியின் பக்கம் திரும்பினேன்.

"மேஸ்திரி, அது சாமிக்குக் கேட்டது இல்லை. எனக்குக் கேட்டது. வழியில நான் பாத்ரூம் போறதுக்கு."

பட்டறையில் ரம்பம் நின்றது. மேஸ்திரி என்னைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார், படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் கணவர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அப்போது மேஸ்திரியின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது போதவில்லை. தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

"யோவ், அந்தம்மா ஒண்ணுக்குப் போவ எடம் கேட்டா, நீ கோயிலு கட்டி வச்சுக்கீறே!"

எனக்கும் சிரிப்பு பீறிட்டது. சிரிப்பு எனக்கு ஆபத்து என்று சொன்னேன் அல்லவா? கால்களை இடுக்கிக்கொண்டு வண்டியைப் பிடித்தேன். அவள் ஒரு பார்வையில் புரிந்துகொண்டாள். எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, "வா, வா, சும்மா வா" என்று பட்டறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடினாள். அங்கே நான்கு கழிகளை நட்டு ஓலைத்தட்டி கட்டிய ஒரு மறைப்பு இருந்தது. மேலே வானம். ஆற்றுக் காற்று தட்டியின் இடுக்கில் நுழைந்தது. அவள் வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றாள்.

"எதுக்கும்மா இத்தினி வெக்கம்?" என்றாள் தட்டிக்கு அப்பாலிருந்து. "நாங்க அல்லாம் விடியறதுக்கு முன்ன ஒரு தபா, இருட்டினப்பறம் ஒரு தபான்னு அடக்கிக்கினு கெடந்தவங்கதான். எனக்கு நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரில படுத்துட்டேன். அப்பறம்தான் இந்தாளு இதைக் கட்டிக் குடுத்தாரு. அதுவும் நான் வாயத் தொறந்து கேட்டப்பறம்."

தட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டில், தொட்டி, பீங்கான், பிளைவுட் கதவு என்று இத்தனை நாளும் எவ்வளவு எடையை எங்கள் சின்னக் காரின் முதுகில் ஏற்றப் பார்த்தோம்! எனக்கு வேண்டியது நான்கு கழியும் ஒரு மறைப்பும்தான். அதை நான் சொல்லாதவரை, அறிவாளியான ஒரு மனிதரும் கைத்திறன் உள்ள ஒரு மனிதரும் ஆளுக்கொரு கட்டடமாகக் கட்டிக்கொண்டே போயிருப்பார்கள்.

திரும்பி வந்ததும், எனக்கு என்ன தேவை என்பதை நானே சொன்னேன். நட்டுக் கழற்றக்கூடிய நான்கு கம்பு. வெளிச்சத்தில் உருவம் தெரியாத கனத்த துணி. நடுவில் வட்டமாக ஓட்டை வைத்த ஒரு ஸ்டூல். அதன் அடியில் மூடி போட்ட வாளி. சொல்லச் சொல்ல, என் குரல் மளிகைக் கடையில் சாமான் கேட்கும் குரலாகிவிட்டது. அதில் எனக்கே ஆச்சரியம்.

"அந்த ரூமையே பிரிச்சு மாத்திக்..." என்று ஆரம்பித்த மேஸ்திரி, பாதியில் நிறுத்தினார். "இல்லம்மா. சாமிய உக்கார வச்சு சூடமும் காட்டிட்டேன். அந்த எடத்துல கை வராது."

"விஞ்ஞானப்படி ஆட்சேபணை ஒண்ணும் இல்லை" என்றார் என் கணவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டே. "ஆனா எனக்கும் மனசு வரலை."

எனவே பிள்ளையாரின் அறை, மணிகளோடும் பசுமுகத்தோடும், திருகாணிகளைக் கழற்றி முழுசாக இறக்கப்பட்டது. அது மேஸ்திரியின் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நாங்கள் இருவரும் சொன்னோம். அவர் மனைவி மறுப்பு சொல்லவில்லை. ஏற்கெனவே அதை எந்தச் சுவரில் பொருத்துவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

மூலை போனதும் கூரைக்குத் தாங்கல் போயிற்று. திரும்பக் கட்ட நாள் இல்லை. மேல்பாதியை எடுத்துவிட்டு, வளைந்த கம்பிகள்மேல் கித்தான் துணி போர்த்திவிடலாம் என்று தீர்மானமாயிற்று. பாண்டி பஜாரில் அலைந்து, கூரைக்கும் மறைப்புக்கும் சேர்த்துப் பச்சைக் கித்தானை நானே தேர்ந்தெடுத்தேன். கடைக்காரர் விரித்துக் காட்டியபோது, வெயிலுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி, பின்னால் நிற்கும் ஆள் தெரிகிறாரா என்று பார்த்தேன். "பந்தலுக்காம்மா?" என்றார். "பாத்ரூமுக்கு" என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் இன்னும் கனமான ரகம் ஒன்றை எடுத்துப் போட்டார்.

வண்டியை எடுக்கப் போன அன்று, கம்புகளும் ஸ்டூலும் ஒரு சாக்குப்பைக்குள் அடங்கிவிட்டதைப் பார்த்து, என் கணவரின் முகம் மெல்ல மாறிற்று.

"இதுக்குக் கார் டிக்கியே போதுமே" என்றார்.

"போதும்" என்றேன்.

"அப்போ இந்த வண்டியே வேண்டியிருக்கலையா?"

அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதம் என்னை வருத்திற்று. சாப்பாட்டு மேஜையில் அளவுகோலோடு உட்கார்ந்த அத்தனை மாலைகளும் அதில் இருந்தன. என் பொருட்டு ஒருவர் ஒரு வீட்டையே வரைந்திருக்கிறார். ஒரு சொல்லைத்தான் அவரால் எழுத முடியவில்லை.

"குழந்தைகள் காலை நீட்டிப் படுக்க வேண்டாமா? வண்டி வரட்டும்" என்றேன்.

சைதாப்பேட்டைப் பாலத்தின் ஏற்றத்தில் எங்கள் கார், பின்னால் ஒன்று தொடர்கிறது என்ற நினைவே இல்லாமல் ஏறிற்று. என் கணவர் கண்ணாடியில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டார். "வரது, வரது" என்று குழந்தைகள் பின்சீட்டில் மண்டியிட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

தாம்பரம் பின்னால் போயிற்று. எனக்குள் இருந்த நகரப்படத்தின் ஓரத்தைத் தாண்டினோம். புளியமரங்கள் வரிசையாக நின்ற ஓரிடத்தில், "இங்கே நிறுத்துங்கோ" என்றேன். அப்படி ஒரு வாக்கியத்தை நான் அவரிடம் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் இறங்கிக் கம்புகளை நட்டார், கித்தானைச் சுற்றினார், பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டு செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தார். லாரிகள் போயின. கித்தானுக்குள் இலைநிழல் பச்சையாக விழுந்தது. ஒரு அணில் எங்கோ கத்திற்று. நான் அவசரப்படவில்லை. அவசரப்படாமல் இருப்பதன் சுகம் எவ்வளவு பெரியது என்பது, அவசரத்திலேயே சில வருடங்கள் வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். பொட்டல் வந்தபோதும் நிறுத்தினோம். அங்கே மரம்கூட இல்லை. எனக்கு மரம் தேவைப்படவில்லை.

மறுநாள் சாயங்காலம் காலனி வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது. என்னைப் பார்ப்பதற்கு முன்னால் பச்சைக் கூண்டைப் பார்த்தாள்.

"இதென்னடி, சர்க்கஸா?"

உள்ளே போய், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பட்டறையிலும் பாண்டி பஜாரிலும் சொல்லிப் பழகிய நாக்கு. தடங்கல் இல்லாமல் வந்தது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"அன்னிக்குப் பாதி வழியில திரும்பினியே, அதுவும் இதுதானா?"

"ஆமாம்."

"குழந்தைக்கு ஜுரம்னு சொன்னியே? நான் இங்கே மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வேண்டிண்டேன்டி! மனசு கேக்காம மறுபடி ஒரு தரம் வேண்டிண்டேன். இல்லாத ஜுரத்துக்கு எந்த சாமிடி பொறுப்பு ஏத்துக்கும்?" அவள் கரண்டியை நீட்டித் திட்டினாள். "நான் உன் அக்காடி. என்கிட்டே சொல்ல உனக்கென்ன? கார் வந்ததும் தலை கனத்துப்போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். அவாகிட்டே எல்லாம் இனிமே என்ன சொல்லுவேன்?"

அன்று சாப்பாடு பரிமாறும்போதும் திட்டினாள். படுக்கை விரிக்கும்போதும் திட்டினாள். அத்தனை வருடங்கள் அந்த 'ம்' என்ற ஒற்றை எழுத்தோடு காலம் தள்ளிய எனக்கு, அந்தத் திட்டு முழுவதும் காதில் குளிர்ச்சியாக விழுந்தது.

பூணூல் நன்றாக நடந்தது. மொட்டைத்தலையும் மான்தோல் துணுக்குமாகப் பிள்ளை தட்டை ஏந்தி வந்தான். அக்கா இட்டாள். பிறகு நான் இட்டேன். அரிசி தட்டில் விழும் ஓசைகூட எனக்கு நினைவிருக்கிறது.

விசேஷம் முடிந்த மத்தியானம், காலனிப் பெண்கள் இரண்டு பேர், மூன்று பேராக எங்கள் வண்டியைப் பார்க்க வந்தார்கள். "சமையல் எங்கே பண்ணுவேள்?" என்று கேட்டார்கள். "தண்ணி எவ்வளவு பிடிக்கும்?" என்று கேட்டார்கள். கேள்விகள் அடுப்பைப் பற்றி. கண்கள் மட்டும் பக்கத்தில் நட்டிருந்த கித்தான் மறைப்பிலேயே இருந்தன. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா, பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி முன்னால் வந்துவிட்டாள்.

"அதைக் கேளுங்கோ, அடுப்பை யார் கேட்டா?" என்று அவள் கித்தானை விலக்கிக் காட்டினாள். "இது பாத்ரூம். எங்கே வேணும்னா நட்டுக்கலாம், எடுத்துக்கலாம். என் தங்கை அவளுக்காகச் சொல்லிப் பண்ணிண்டது. இதுல உக்காந்துதான் மெட்ராஸ்லேர்ந்து எங்காத்துக்கு வந்திருக்கா. உள்ளே போய்ப் பாருங்கோ, ஒவ்வொருத்தரா."